ஆங்கிலக் கட்டுரையில் காரணம் சொல்லும்போது ‘மே பி டியூ டு’ என்று எழுதுவது ஏன்?

கையில் உள்ள ஆதாரம் எவ்வளவோ, அவ்வளவுக்கு மட்டும் காரணத்தை உறுதியாகச் சொல்லும் முறை இது. ‘டியூ டு’ என்றால் முடிவே செய்தாகிவிட்டது. ‘ப்ராபப்ளி டியூ டு’ என்றால் பெரும்பாலும் அதுதான். ‘மே பி டியூ டு’ என்றால் இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம்.

விளைவு கண்ணுக்குத் தெரியும். காரணத்தை நாம்தான் ஊகித்து எடுக்கிறோம். பொள்ளாச்சித் தோப்பில் தென்னை ஓலை மஞ்சளாகிறது என்று வையுங்கள். தண்ணீர்க் குறைவா, சத்துக் குறைவா, வேர் வாடல் என்ற நோயா? நிறத்தை மட்டும் பார்த்த தோட்டக்காரர், “வேர் வாடலாட்ட இருக்குதுங்க” என்பார். கீற்றுகள் உள்பக்கமாக வளைந்திருப்பதையும் பார்த்துவிட்டால், “பெரும்பாலும் அதுதானுங்க” என்று ஒரு படி ஏறுவார். ஆதாரம் ஏற ஏற வாக்கியமும் ஏற வேண்டும். ஆய்வுக் கட்டுரை எழுதும் நம் பிள்ளைகள் கோட்டை விடுவது இங்கேதான். ‘மே பாசிப்லி பி’ என்று இரண்டு சந்தேகத்தை அடுக்கவும் வேண்டாம், ஒன்று போதும்.

பணிவுக்காக எல்லா வரியிலும் ‘மே’ போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு: வேர் வாடல் ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியால் வருவது நிறுவப்பட்ட உண்மை, அங்கே தயங்காமல் ‘டியூ டு’ என்றே எழுதுங்கள்.