வெயில் காலத்தில் கேரவன்: கேள்வி பதில்

கரூரில் பேருந்துகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை செய்தேன். இப்போது பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சொந்தமாகப் பட்டறை வைத்து, டிராவலர் வேன், மினி பஸ் போன்றவற்றைக் கேரவன்களாக, அதாவது தங்கும் வண்டிகளாக மாற்றித் தருகிறேன். மார்ச் பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் கால் வைக்க முடியாது. ஆகவே தங்கும் பகுதியைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது குறித்து மட்டும் கேளுங்கள் என்று நம் குழு உறுப்பினர்களிடம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் தருகிறேன்.

பொள்ளாச்சி உறுப்பினர்: அண்ணா, டிராவலர் ஒன்றை வாங்கிக் கேரவனாக்கப் போகிறேன். ஒரு டன் ஏசி போதுமா, ஒன்றரை டன் வேண்டுமா?

ஏசியை முதலில் தேர்ந்தெடுக்காதீர்கள், தம்பி. அது கடைசியாக வாங்க வேண்டிய பொருள். வெப்பம் எந்த வழியாக, எவ்வளவு உள்ளே வருகிறது என்பதைப் பார்த்த பிறகுதான் அதை வெளியேற்றும் இயந்திரத்தின் அளவைச் சொல்ல முடியும்.

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1,000 வாட் விழுகிறது. உங்கள் வண்டியின் கூரை ஏறத்தாழ 10 சதுர மீட்டர் இருக்கும்; அதன்மேல் விழுவது 10 கிலோவாட். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடியதோ 3.5 கிலோவாட்தான். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் பாலக்காடு, பொள்ளாச்சி வட்டாரத்தில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் நிற்பதால், பக்கச் சுவர்களைவிடக் கூரைதான் நம் முதல் எதிரி.

சென்ற ஆண்டு ஏப்ரலில், பட்டறை வாசலில் நின்ற அடர்சாம்பல் நிற வண்டி ஒன்றின் கூரைத் தகட்டில் வெப்பமானியை ஒட்டி வைத்துப் பார்த்தேன். பிற்பகல் இரண்டு மணிக்கு 66 டிகிரி காட்டியது. அதே கூரையின் பாதிப் பகுதிக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சை இரண்டு கை அடித்து, மூன்று நாள் கழித்து அதே நேரத்தில் பார்த்தபோது அந்தப் பாதி 48 டிகிரிதான் இருந்தது. உள்ளேயிருந்து கையை உயர்த்தித் தகட்டைத் தொட்டாலே எந்தப் பாதி எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

எந்தத் தடுப்பும் இல்லாத வெறும் தகரக் கூரை 65 டிகிரியில் இருந்தால், இந்த அளவுள்ள வண்டிக்குள் கூரை வழியாக மட்டும் 2 கிலோவாட்டுக்கு மேல் இறங்கும். நல்ல நுரைப் பலகையை 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒட்டினால் அது 400 வாட் அளவுக்குக் குறையும். அதற்கு மேல் வெள்ளையும் அடித்தால் 200 வாட்டை ஒட்டி வந்துவிடும். இவ்வளவும் செய்த வண்டிக்கு முக்கால் டன்னே போதும். செய்யாத வண்டிக்கு ஒன்றரை டன் வைத்தாலும் கூரைக்கு அடியில் படுப்பவர் தலை வேகும்.

சோலார் பலகைகளைக் கூரைக்கு மூன்று, நான்கு அங்குலம் மேலே தூக்கிப் பொருத்துங்கள். அவை மின்சாரமும் தரும், குடையாகவும் நிற்கும். கூரையோடு ஒட்டிப் படுக்க வைத்தால் இரண்டாவது பயன் போய்விடும்.

சித்தூர் உறுப்பினர் (பாலக்காட்டுச் சித்தூர்): தெர்மோகோல் மலிவாகக் கிடைக்கிறதே, அதையே ஒட்டலாமா? வெள்ளிப் படலம் ஒட்டினால் போதும் என்று கடைக்காரர் சொல்கிறார்.

தெர்மோகோல் வெப்பத்தைத் தடுப்பதில் மோசமில்லை. ஆனால் 80 டிகிரியை நெருங்கும்போது சுருங்கத் தொடங்கும். கறுத்த கூரையின் அடியில் அந்த நிலை வெகு தூரத்தில் இல்லை. வழக்கமான ரப்பர் பசையைத் தடவினால், பசை தெர்மோகோலையே கரைத்துத் தின்றுவிடும். எளிதில் தீப்பிடிக்கும் என்பதும் முக்கியம். படுத்துறங்கும் இடத்தில் அதை வைக்க நான் சம்மதிப்பதில்லை. தீ பரவுவதைத் தாமதப்படுத்தும் வகை நுரைப் பலகையையோ, வளைவான இடங்களில் ஏசிக் குழாய்களுக்குச் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் நுரையையோ பயன்படுத்துங்கள். கண்ணாடிக் கம்பளி வீட்டுக்குச் சரி. ஓடுகிற வண்டியின் அதிர்வில் அது கீழே இறங்கிவிடும், எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் ஈரத்தைப் பிடித்து வைத்துத் தகட்டைத் துருவாக்கும்.

வெள்ளிப் படலத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். என் முதல் வண்டியில் படலத்தைக் கூரைத் தகட்டுக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே இறுக்கி ஒட்டினேன். ஒரு பயனும் இல்லை. பளபளப்பான அலுமினியம் கதிராக வரும் வெப்பத்தைத்தான் தடுக்கும்; தொட்டுக்கொண்டு வரும் வெப்பத்தை அப்படியே கடத்திவிடும். படலத்தின் பளபளப்பான முகத்துக்கு எதிரே 20 மில்லிமீட்டராவது காற்று இடைவெளி இருந்தால்தான் அது வேலை செய்யும். அந்த வண்டியின் உள் அலங்காரம் முழுவதையும் பிரித்து மறுபடியும் செய்தேன்.

மற்றொன்று, கூரையைத் தாங்கும் இரும்பு விலா எலும்புகள். பலகைகளை அவற்றின் இடையே மட்டும் ஒட்டிவிட்டு விலாவின்மேல் நேராகப் பிளைவுட்டைத் திருகினால், ஒவ்வொரு விலாவும் வெப்பத்துக்குப் பாலமாகிவிடும். விலாவின்மேல் 6 மில்லிமீட்டர் நுரைப் பட்டையாவது ஒட்டிய பிறகே திருகுங்கள்.

வேலந்தாவளம் உறுப்பினர்: மினி பஸ்ஸுக்கு எத்தனை டன் ஏசி வைக்க வேண்டும்?

பொள்ளாச்சித் தம்பிக்குச் சொன்னதே உங்களுக்கும். கூரையை முடித்துவிட்டு வாருங்கள்.

கிணத்துக்கடவு உறுப்பினர்: ஏசியே வேண்டாம் சார். 12 வோல்ட் ஏர்கூலர் வைத்திருக்கிறேன், மே மாதத்திலும் போர்வை கேட்கிறது.

திருச்சூர் உறுப்பினர்: இவர் சொன்னதைப் படித்துவிட்டு யாரும் பணத்தை வீணாக்க வேண்டாம். நானும் அதே கூலரை வாங்கினேன். உள்ளே புழுக்கம்தான் கூடியது, மெத்தை ஈரமானது, கூலரை விற்றுவிட்டேன்.

இவர்கள் இருவரும் மேற்கொண்டு எழுதிய பதினொரு பதில்களையும், நடுவே சேர்ந்துகொண்ட மற்றவர்களின் வாதங்களையும் படித்தேன். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவருக்கும் இடையே தமிழக, கேரள எல்லையான வாளையாறு இருக்கிறது, அவ்வளவுதான்.

கூலர் குளிரை உண்டாக்குவதில்லை. தண்ணீரை ஆவியாக்கி, அதற்குத் தேவையான வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 670 வாட் வெப்பம் காற்றிலிருந்து குறையும். இதற்குக் காற்று வறண்டிருக்க வேண்டும். காற்று 40 டிகிரியாகவும் ஈரப்பதம் 30 சதவீதமாகவும் இருக்கும் பிற்பகலில் நல்ல கூலர் 29 டிகிரிக் காற்றைத் தரும். கடலோரத்தில் 34 டிகிரி, 70 சதவீதம் என்றால் அதே கூலர் 30 டிகிரிக் காற்றைத் தரும். நான்கு டிகிரி குறைந்ததாகக் கணக்கில் தெரியும், ஆனால் அந்தக் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாது. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பக்கத்து வறண்ட காற்றில் போர்வை கேட்பதும், திருச்சூரில் மெத்தை நனைவதும் ஒரே இயற்பியல்தான்.

சண்டையை நிறுத்த ஒரு சோதனை சொல்கிறேன். சாதாரணத் திரவ வெப்பமானிகள் இரண்டை எடுங்கள். ஒன்றின் குமிழில் நனைந்த பருத்தித் துணியைச் சுற்றி, இரண்டையும் நிழலில் மின்விசிறியின் முன் ஐந்து நிமிடம் வையுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 10 டிகிரிக்கு மேல் இருந்தால் கூலர் வையுங்கள். 6 டிகிரிக்குக் கீழே என்றால் வைக்காதீர்கள். இருவரும் நாளைப் பிற்பகல் அவரவர் ஊரில் செய்து எழுதுங்கள்.

கூலர் வைப்பவர்கள் எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்தே வைக்க வேண்டும். ஈரக்காற்று வெளியே போக வழியில்லாவிட்டால் கிணத்துக்கடவும் அரை மணி நேரத்தில் திருச்சூராகிவிடும்.

உடுமலை உறுப்பினர்: இரவில் எஞ்சினை ஓடவிட்டு வண்டியின் சொந்த ஏசியிலேயே தூங்கலாமா?

கூடாது. 2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில், சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்ததே காரணம் என்று தெரியவந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குகிறவர் விழிப்பதில்லை. எஞ்சினாக இருந்தாலும் ஜெனரேட்டராக இருந்தாலும், நின்ற வண்டியில் ஆள் தூங்கும்போது அது ஓடக் கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் படுக்கையருகே மாட்டுங்கள்.

மீனாட்சிபுரம் உறுப்பினர்: வண்டியைக் கேரவனாகப் பதிவு செய்ய என்ன நடைமுறை? கேரளத்தில் வரி எவ்வளவு?

இது என் துறை அன்று. வேலையைத் தொடங்கும் முன்பே உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு அனுமதி பெறுங்கள்.

நெம்மாறை உறுப்பினர்: ஏசி ஓடினாலும் சமைக்கும் நேரத்தில் உள்ளே இருக்க முடியவில்லை. பிள்ளைகள் அழுகிறார்கள்.

அம்மா, உங்கள் வண்டியில் குறையில்லை. ஒரு பெரிய பர்னர் ஏறத்தாழ 2 கிலோவாட் வெப்பம் தரும். உங்கள் ஏசியின் உழைப்பில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடுகிறது. ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக உள்ளே சேரும். குழம்பு கொதிக்கும் ஆவி வேறு. பின்கதவைத் திறந்து இழுத்துக்கொள்ளும் பலகையில் அடுப்பை வைத்து, வெளியே நின்று சமைக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். இட்லியும் கஞ்சியும் விடியற்காலையில் முடிந்துவிட்டால் பகல் முழுவதும் நிம்மதி. வண்டியை நிறுத்தும்போது மூக்கும் வாலும் கிழக்கு மேற்காக இருக்கட்டும்; நீண்ட பக்கங்களில் காலை, மாலை வெயில் படாது. மரத்தடி கிடைத்தால் மாமரமோ புளியமரமோ நல்லது. தென்னந்தோப்பில் மட்டும் காய் விழாத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

கொல்லங்கோடு உறுப்பினர்: கண்ணாடிக்குக் கறுப்புப் படலம் ஒட்டினால் குளிருமா?

மத்திய மோட்டார் வாகன விதிப்படி முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளியை விட வேண்டும். அடர்ந்த கறுப்புக்கு இடமில்லை. மேலும் கறுப்புப் படலம் வெயிலைத் தானே குடித்துச் சூடாகி, அந்தச் சூட்டில் ஒரு பகுதியை உள்ளே விடுகிறது. நிறுத்திய வண்டிக்குக் கண்ணாடியின் வெளிப்பக்கம் மறைப்பு போடுங்கள். வெயில் கண்ணாடியைத் தாண்டிய பிறகு உள்ளே திரை போடுவது பாதிப் பயன்தான். கிடுகோ கோரைப்பாயோ வெளியே கட்டினாலும் நல்ல வேலை செய்யும்.

கோவிந்தாபுரம் உறுப்பினர்: டெம்போவுக்கு ஒரு டன் சரியாக வருமா?

மூன்றாவது முறையாக இதே கேள்வி வருகிறது. தயவுசெய்து மேலே முதல் பதிலைப் படியுங்கள். கூரை அளவு, நிறம், உள்ளே ஒட்டிய பொருள், கண்ணாடிகளின் பரப்பு ஆகிய நான்கையும் எழுதாமல் கேட்டால் இனி நான் பதில் சொல்லப் போவதில்லை.

எட்டிமடை உறுப்பினர்: சாப்பிடப் போகும்போது நாயை வண்டியில் விட்டுப் போகலாமா? ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால்?

விட்டுப் போகாதீர்கள். மூடிய வண்டிக்குள் வெப்பத்தின் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடும். ஜன்னலை இரண்டு விரற்கடை திறப்பதால் பெரிய வித்தியாசமில்லை. கூடவே கூட்டிச் செல்லுங்கள்.

பல்லடம் உறுப்பினர்: சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரைப் பின்பக்கப் பெட்டியில் வைத்து ஜன்னல் ஏசி ஓட்டுகிறேன். புகைக்குழாய் வெளியேதான் இருக்கிறது.

மேலே உடுமலை உறுப்பினருக்கு எழுதியதை இன்றிரவு தூங்குவதற்கு முன் படியுங்கள். புகைக்குழாய் வெளியே இருப்பது போதாது. அடித்தளத்தில் ஒயர் போன ஒரு துளை போதும், புகை உள்ளே ஏறிவிடும். ஜெனரேட்டரை வண்டியிலிருந்து இறக்கி, காற்று வீசும் திசை பார்த்துத் தூரத்தில் வையுங்கள். தூங்கும் நேரத்தில் அணைத்துவிடுங்கள்.

திருச்சூர் உறுப்பினர் (மறுநாள்): பிற்பகல் 3 மணி. காய்ந்தது 33, நனைந்தது 28.

கிணத்துக்கடவு உறுப்பினர்: எனக்கு 38, 23. ஆனால் சென்ற ஜூலையில் வண்டியைக் குருவாயூருக்குக் கொண்டு போனபோது கூலர் வேலை செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இருவருக்கும் நன்றி. திருச்சூர்க்காரருக்கு 5, கிணத்துக்கடவுக்காரருக்கு 15. எல்லையின் இரு பக்கமும் ஓட்டுகிறவர்கள் கூலரையும் ஏசியையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். கூலர் சேர்க்கும் ஈரத்தை எடுப்பதிலேயே ஏசி களைத்துவிடும்.

ஆனைமலை உறுப்பினர்: 12 வோல்ட், 200 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி இருக்கிறது. கூரை வெள்ளை, 25 மில்லிமீட்டர் நுரை, வெளித்திரை எல்லாம் முடித்துவிட்டேன். முக்கால் டன் ஏசி இரவு முழுவதும் ஓடுமா?

எல்லாவற்றையும் செய்துவிட்டுக் கேட்டதற்கு மகிழ்ச்சி. உங்கள் பேட்டரியில் 2.4 கிலோவாட் மணி இருக்கிறது. 700 வாட் இழுக்கும் ஏசி நிற்காமல் ஓடினால் மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆனால் உங்கள் வண்டிக்கு இரவில் நிற்காமல் ஓட வேண்டிய தேவையே இருக்காது. மாலை ஆறு மணிக்குக் கூரை வெளியேற்று விசிறியைப் போட்டு, நிழல் பக்கத்துக் கீழ் ஜன்னலைத் திறந்துவிடுங்கள்; பகல் சூடு ஒரு மணி நேரத்தில் மேலே போய்விடும். ஒன்பது மணிக்குக் கதவடைத்து இரண்டு மணி நேரம் ஏசி. பிறகு 30 வாட் விசிறி மட்டும். அது எட்டு மணி நேரம் ஓடினாலும் 240 வாட் மணிதான். காலையில் பேட்டரியில் எத்தனை சதவீதம் மீதி இருந்தது என்று எழுதுங்கள். அதைப் பார்த்து ஏசியின் நேரத்தைக் கூட்டலாமா என்று சொல்கிறேன்.