எனக்கு 19 வயது. கோலாலம்பூரில் படிக்கிறேன், ஐசி (அடையாள அட்டை) முகவரி பட்டர்வொர்த். ஓட்டுக்கு எங்கே பதிவது? உள்ளாட்சித் தேர்தலில் எப்படிக் கலந்துகொள்வது?

தம்பி, 19 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் எங்கேயும் போய்ப் பதிய வேண்டியதில்லை. உங்கள் பெயர் இந்நேரம் பட்டியலில் ஏறியிருக்கும். தேர்தல் ஆணையத்தின் மைஎஸ்பிஆர் செமாக் பக்கத்தில் ஐசி எண்ணைத் தட்டினால் நாடாளுமன்றத் தொகுதி, சட்டமன்றத் தொகுதி எல்லாம் வந்துவிடும். இன்றைக்கே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

உங்கள் அப்பா காலத்தில் 21 வயதான பிறகு நாமே போஸ்ட் ஆபிஸில் பாரம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். பதியத் தோன்றவில்லை என்றால் ஓட்டும் இல்லை. 2019 ஜூலையில் நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தி வயதை 18 ஆக்கியது, பதிவையும் தானியங்கி ஆக்கியது. அப்புறம் ஆணையம் 2022 செப்டம்பர் வரை ஆகும் என்று இழுத்தது. இளைஞர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2021 முடிவதற்குள் செய்து முடிக்கச் சொல்லி கூச்சிங் உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான், அந்த ஆண்டு டிசம்பர் 15 முதல் அமலுக்கு வந்தது. 2018 பொதுத்தேர்தலில் ஏறக்குறைய 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2022-இல் 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டியது இதனால்தான்.

நீல ஐசி, அதாவது குடிமகன் என்று வைத்துக்கொண்டுதான் இதெல்லாம் சொல்கிறேன். சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி என்றால் ஓட்டு கிடையாது. இங்கேயே பிறந்து, இங்கேயே பால் மரம் வெட்டி, கடைசிவரை சிவப்பு ஐசியோடு இருந்த பாட்டிமார்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! உங்கள் வீட்டில் யாராவது அப்படி இருந்தால் அது வேறு பெரிய கதை, தனியாகக் கேளுங்கள்.

இனி முகவரி. தானாகப் பதியும்போது ஐசியில் உள்ள முகவரியைத்தான் எடுப்பார்கள். அதனால் உங்கள் ஓட்டு இப்போது பட்டர்வொர்த்தில் இருக்கிறது. மாற்ற நினைத்தால் முதலில் தேசியப் பதிவிலாகாவில் ஐசி முகவரியை மாற்ற வேண்டும், அதன் பிறகு தொகுதி மாற்றத்துக்குத் தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். முதல் வேலையை முடித்துவிட்டு இரண்டாவதும் தானாக நடந்திருக்கும் என்று நம்பி, ஓட்டுப் போடும் நாளில் பழைய ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் பெயர் இருக்கிறது என்று தெரிந்து விழிப்பவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் உண்டு.

மாற்றலாமா என்று கேட்டால், நிரந்தரமாகக் கோலாலம்பூரில் தங்கப் போவதில்லை என்றால் மாற்றாதீர்கள் என்பேன். காரணம் இருக்கிறது. 1974-இல் சிலாங்கூரிலிருந்து பிரித்துக் கூட்டரசுப் பிரதேசமாக்கிய நாளிலிருந்து கோலாலம்பூருக்குச் சட்டமன்றம் கிடையாது. இங்கே எங்களுக்கு ஒரே ஓட்டு, 11 நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒன்றுக்கு. நான் ‘பத்து’ என்ற பெயருள்ள தொகுதியில் ஓட்டுப் போடுகிறவன். 2018-இல் சுயேச்சையாக நின்ற பிரபாகரனை 22 வயதில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி. ஆனால் எங்கள் தெருச் சாக்கடையைப் பற்றி முடிவெடுக்கும் மாநகர் மன்றத்தில் அந்த ஓட்டுக்கு நேரடியாக எந்த மதிப்பும் இல்லை. டத்தோ பண்டாரை, அதாவது மேயரை நியமிக்கிறார்கள், அவ்வளவுதான். பட்டர்வொர்த்தில் உங்களுக்கு இரண்டு ஓட்டு. அதில் சட்டமன்ற ஓட்டு மாநில அரசை அமைக்கிறது, அந்த மாநில அரசுதான் பட்டர்வொர்த்தைக் கவனிக்கும் செபராங் பிறை மாநகர் மன்ற உறுப்பினர்களை நியமிக்கிறது. சுற்றி வளைத்துத்தான் என்றாலும் அங்கே ஒரு பிடி இருக்கிறது.

ஒரு சிரமம் உண்டு. தீபகற்பத்துக்குள் வேறு மாநிலத்தில் படிக்கிறேன் என்பதற்காக மாணவர்களுக்குத் தபால் ஓட்டு தர மாட்டார்கள். பஸ்ஸோ ரயிலோ பிடித்துப் போகத்தான் வேண்டும். தேதி அறிவித்த அன்றே டிக்கெட் எடுத்துவிடுங்கள். உங்கள் பினாங்கு மாநிலம் 2023-இல் சட்டமன்றத் தேர்தலைத் தனியாக நடத்தியதால், இரண்டு தடவை போக வேண்டியும் வரலாம்.

உள்ளாட்சித் தேர்தல்? அப்படி ஒன்று இந்த நாட்டில் இப்போது இல்லை. முன்பு இருந்தது. ஜார்ஜ்டவுனில் 1951 டிசம்பரில் நகராட்சித் தேர்தல் நடந்தது, கோலாலம்பூரில் 1952 பிப்ரவரியில். 1957-இல் ஜார்ஜ்டவுன் மாநகரானபோது அதன் முதல் மேயர் ஒரு தமிழர், தொழிலாளர் கட்சியின் டி. எஸ். இராமநாதன், வாத்தியாராக இருந்தவர். பினாங்கில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அந்தப் பக்கம் தினமும் வண்டி ஓட்டும் நம் ஆட்களில் பாதிப் பேருக்கு அவர் யாரென்று தெரியாது என்பது என் சந்தேகம்.

1965-இல் இந்தோனேசியாவோடு இருந்த மோதலைக் காரணம் காட்டி உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். பிறகு இதை ஆராய ஓர் அரச விசாரணைக் குழு போட்டார்கள். அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன், நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகியின் கணவர். தேர்தலைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி 1968-இல் அந்தக் குழு பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. 1976-இல் வந்த உள்ளாட்சிச் சட்டத்தோடு கதவை முழுதாகச் சாத்திவிட்டார்கள். பினாங்கு 2012-இல் சொந்தமாக ஒரு சட்டம் போட்டுப் பார்த்தது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. மோதல் முடிந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. தற்காலிகம் என்று சொன்னதை யாரும் இன்னும் எடுக்கவில்லை.

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்தால் தாமான் ரிம்பா கியாராவைப் பாருங்கள். கோலாலம்பூரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கத்தில் உள்ள பூங்கா நிலத்தில் உயரமான கட்டடங்கள் கட்ட மாநகர் மன்றம் அனுமதி கொடுத்தது. அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டு, 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அந்த அனுமதியை ரத்து செய்யவைத்தார்கள். 2023-இல் கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் அங்கேயே நீளவீடுகள் எனப்படும் வரிசை வீடுகளில் பல ஆண்டுகளாகக் காத்திருந்த முன்னாள் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கான வீடுகளும் அதே திட்டத்துக்குள்தான் வைக்கப்பட்டிருந்தன. பூங்கா கேட்டவர்களும் நியாயம், வீடு கேட்டவர்களும் நியாயம். ஓட்டுக் கேட்டு வரும் மன்ற உறுப்பினர் ஒருவர் இருந்திருந்தால் இரண்டு தரப்பும் முதலில் அவர் வாசலில் நின்றிருப்பார்கள். இங்கே நேராகக் கோர்ட் வாசல்.

சரி, உங்களால் என்ன செய்ய முடியும்? உங்கள் கையெட்டும் தூரத்தில் ஒரே ஒரு உள்ளூர்த் தேர்தல் உண்டு. நீங்கள் அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்தால் அதன் நிர்வாகக் குழுவுக்கு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஓட்டெடுப்பு நடக்கும். 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் அது. லிப்ட், காவலர், குப்பை, பராமரிப்புக் கட்டணம் எல்லாம் அந்தக் குழுவின் கையில். வேடிக்கை என்னவென்றால், குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு ஆள் வராவிட்டால் அரை மணி நேரம் காத்திருந்து, வந்தவர்களை வைத்தே கூட்டத்தை நடத்திவிடலாம். நூற்றுக்கணக்கான வீடுகளின் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த ஒரு கைப்பிடி ஆட்கள் முடிவு செய்வதை எங்கள் கட்டடத்திலேயே பார்த்திருக்கிறேன்.

ஓட்டு உரிமையாளருக்குத்தான், அதுவும் கட்டணப் பாக்கி இல்லாமல் இருந்தால்தான். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும். வாடகைக்காரருக்கு ஓட்டு இல்லை. ஆனால் உரிமையாளர் உங்களைப் பிரதிநிதியாக எழுதிக்கொடுத்தால் நீங்கள் போய் உட்காரலாம், பேசலாம், கை தூக்கலாம். அந்தப் படிவத்தைக் கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்பாகவே கொடுத்துவிட வேண்டும். வீட்டுக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டத்துக்கு வரும் வேலை மிச்சம் என்று பெரும்பாலானவர்கள் உடனே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பாக்கி ஏதும் இருக்கிறதா என்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.