மன்னித்த பிறகும் மெமோ கொடுக்கலாமா?

கேள்வி: கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் ஒன்றில் நிர்வாகியாக இருக்கிறேன். கணக்குப் பிரிவில் ஒருவர் மாத அறிக்கையை எப்போதும் தாமதமாகத்தான் தருகிறார். கேட்டால் மன்னிப்புக் கேட்கிறார், சேர்ந்து ஜெபிக்கிறோம், அடுத்த மாதமும் அதே கதை. மெமோ கொடுத்தால், ‘ஏழெழுபது தரம் மன்னிக்க இயேசு சொன்னது எங்கே போயிற்று’ என்று மற்றவர்கள் கேட்பார்கள். என்ன செய்யலாம்?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். மன்னிப்பது உங்கள் மனதில் கசப்பு தங்காமல் இருக்க. அறிக்கை தேதிக்குள் வந்து சேர அது உதவாது. ஆனால் மெமோ முதல் படி அல்ல.

தவறு செய்தவரிடம் எப்படிப் பேசுவது என்று பைபிளில் மத்தேயு 18:15-17 ஒரு வரிசை சொல்கிறது: முதலில் தனியே, பிறகு ஒன்றிரண்டு பேருடன், கடைசியாகச் சபைக்கு. நம் அலுவலகங்களில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. சம்பந்தப்பட்டவரைத் தவிர எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்கும், அதுவும் ‘ஜெபக்குறிப்பு’ (இதற்காக ஜெபியுங்கள் என்று சொல்லும் செய்தி) என்ற பெயரில்!

தனியே அரை மணி நேரம் பேசுங்கள். எந்தெந்த மாதம், எத்தனை நாள் தாமதம், அதனால் யாருடைய வேலை நின்றது என்பதை மட்டும் சொல்லுங்கள். பிறகு காரணம் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். கேட்குமுன் பதில் சொல்வது புத்தியீனம் என்கிறது நீதிமொழிகள் 18:13. மற்றப் பிரிவுகளின் வவுச்சர்கள் கடைசி நாளில்தான் அவர் மேஜைக்கு வருகின்றன என்று தெரியவரலாம். அப்படியானால் மெமோ போக வேண்டிய இடமே வேறு.

தவறு அவருடையதுதான் என்றால் மெமோவை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: எதிர்பார்ப்பு, கெடு தேதி, நீங்கள் செய்யும் உதவி, 30 நாள் கழித்து மறுபரிசீலனை. கையெழுத்து வாங்கி அவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அதற்கும் மாறவில்லையென்றால், அவர் நம்பும் ஒருவரையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். அங்கே உட்காருகிறவர் பேசியதற்குச் சாட்சி. கூடச் சேர்ந்து திட்ட வந்தவர் அல்ல. மூன்றாவதாகத்தான் நிர்வாகக் குழு.

ஜெபத்தைப் பேச்சுக்கு முன் நீங்கள் தனியே செய்துவிடுங்கள். ‘ஆண்டவரே, இவருடைய சோம்பலை நீக்கும்’ என்று அவர் எதிரிலேயே ஜெபிப்பது, கண்ணை மூடிக்கொண்டு திட்டுவதுதான். அவரால் பதில்கூடச் சொல்ல முடியாது. அதேபோல், ஜெப வேளையில் அவர் மனம்விட்டுச் சொன்ன குடும்பக் கஷ்டம் பணிக்கோப்பில் ஏறவே கூடாது.

ஒரு எச்சரிக்கை. பணக் கையாடல், பாலியல் தொல்லை, குழந்தைகளின் பாதுகாப்பு ஆகியவற்றில் இந்த வரிசை பொருந்தாது. பாதிக்கப்பட்டவரைத் தவறு செய்தவரிடம் ‘முதலில் தனியே போய்ப் பேசு’ என்று அனுப்புவது இரண்டாவது அநியாயம். நேரே புகார்க் குழுவுக்கும் சட்டப்படியான அதிகாரிகளுக்கும் போக வேண்டும்.

கேள்வி: இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை. கேட்டால், ‘இது ஊழியம், விசுவாசத்தோடு காத்திருங்கள்’ என்கிறார்கள். கேட்டது தவறா?

பதில்: இல்லை. ‘ஊழியர்’ என்ற ஒரே சொல் தேவனுடைய பணியாளரையும் சம்பளத்துக்கு வேலை செய்பவரையும் குறிப்பது நிர்வாகத்துக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது. கூலியை விடியும்வரை வைத்திருக்காதே என்கிறது லேவியராகமம் 19:13. பொழுது போகுமுன் கொடு என்கிறது உபாகமம் 24:15. விசுவாசத்தோடு காத்திருக்க வேண்டியது நிர்வாகம். அந்தச் சோதனையை உங்கள் அடுப்பங்கரையில் நடத்தக் கூடாது.

எவ்வளவு, எந்தத் தேதியில் தருவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பற்றாக்குறை நிஜமென்றால் முதலில் கட்டட வேலை நிற்கட்டும், அடுத்து மேலிடத்துச் சம்பளம் குறையட்டும். உங்கள் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு காணிக்கை) என்று சம்பளத்தில் பிடித்தால் அதையும் அதே கடிதத்தில் சேருங்கள்.

கேள்வி: காலை ஜெபக்கூட்டத்துக்கு வராதவருக்குப் பணி மதிப்பீட்டில் மதிப்பெண் குறைக்கலாமா?

பதில்: வேண்டாம். பயத்தில் வருகிறவர்களால் அறை நிறையும், அவ்வளவுதான். கூட்டத்தை வேலை நேரத்துக்குள் வையுங்கள். வருகைப் பதிவேட்டை வெளியே வையுங்கள்.