எஃகின் எடை குறைந்தும் விலை ஏறுவது ஏன்?

கேள்வி: மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை தொழிற்பேட்டையில் கட்டவிருக்கும் ஒரு தொழிற்கூடத்துக்கு எஃகுச் சட்டகம் வடிவமைத்து வருகிறேன். உள்ளே பொருள் அடுக்கி வைக்க ஓர் இடைத்தளமும் உண்டு. மென்பொருளின் தானியங்கித் தேர்வை ஓட்டியதில் மொத்த எடை குறைந்தது. ஆனால் உறுப்புகள் 17 வகை அளவுகளில் வந்தன, பட்டறைக்காரர் சொன்ன விலையோ முன்னதைவிடக் கூடுதல். மறுபடி ஓட்டினால் அளவுகளும் மாறுகின்றன. எதை வைத்து அளவை முடிவு செய்வது?
– இளம் பொறியாளர், பட்டர்வொர்த்

பதில்: அளவுகள் மாறிக்கொண்டே இருப்பது மென்பொருளின் கோளாறு அல்ல. விறைப்பான இணைப்புகள் கொண்ட சட்டகத்தில் ஓர் உறுப்பு ஏற்கும் வளைவுத் திருப்புத்திறன் (அதை வளைக்கும் விளைவு), சுமையை மட்டுமல்லாமல் அந்த உறுப்பின் விறைப்பையும் (வளைய மறுக்கும் தன்மையையும்) அதன் அண்டை உறுப்புகளின் விறைப்பையும் சார்ந்தது. உத்தரத்தைப் பெரிதாக்கினால் அது கூடுதல் திருப்புத்திறனைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்; வேலை செய்கிறவன் தலையில்தான் மேலும் வேலை விழும் என்பது இங்கும் உண்மை. ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பகுப்பாய்வை முழுமையாக மறுபடி ஓட்ட வேண்டும். தொடக்க அளவுகளைக் கைக்கணக்கில் நியாயமாகத் தேர்ந்திருந்தால், பெரும்பாலும் இரண்டு மூன்று சுற்றுகளில் விடை நிலைபெற்றுவிடும்.

அளவைக் குறைக்கத் தொடங்குவதற்கு முன், ஒவ்வொரு உறுப்பிலும் எந்தச் சோதனை அதன் அளவைத் தீர்மானிக்கிறது என்று பாருங்கள். பலர் பயன்பாட்டு விகிதத்தை (உறுப்பின் அனுமதிக்கப்பட்ட வரம்பில் எத்தனை பங்கு பயன்படுகிறது என்பதை) மட்டும் பார்த்துவிட்டு, அது வலிமையிலிருந்து வந்ததா, சுமையில் கீழே தொய்வதிலிருந்து வந்ததா, அமுக்கத்தில் பக்கவாட்டில் நெளிவதிலிருந்து வந்ததா என்று பார்ப்பதில்லை. உங்கள் இடைத்தளத்தில் 9 மீட்டர் நீளமுள்ள, இரு முனைகளிலும் எளிய தாங்கிகள் கொண்ட, மேல் பிளாஞ்சை (I வடிவ உத்தரத்தின் மேல் கிடைத்தகட்டை) தளம் பிடித்திருக்கும் ஓர் உத்தரத்தை எடுத்துக்கொள்வோம். மீட்டருக்கு நிலைச்சுமை (தளத்தின் சொந்த எடை போன்றவை) 10.5 கிலோநியூட்டன், பயன்பாட்டுச் சுமை (அடுக்கும் பொருள், ஆட்கள்) 15 கிலோநியூட்டன் என்றால், யூரோகோடு என்ற ஐரோப்பிய வடிவமைப்புத் தரத்தின் 1.35, 1.5 என்ற பாதுகாப்புக் காரணிகளோடு திருப்புத்திறன் ஏறத்தாழ 371 கிலோநியூட்டன் மீட்டர் ஆகும். எஸ்275 எஃகில் (எண் அதன் வலிமையைக் குறிக்கும்) இதற்கு மீட்டருக்கு 67 கிலோ எடையுள்ள 457×191 உத்தரம் (ஆழமும் அகலமும் ஏறத்தாழ மில்லிமீட்டரில்) போதும். எஸ்355 எஃகுக்கு மாறினால், வலிமையை மட்டும் பார்க்கும்போது 52 கிலோ எடையுள்ள 457×152 கூடத் தாங்கும். மீட்டருக்கு 15 கிலோ மிச்சம் என்று தோன்றும்.

ஆனால் பயன்பாட்டுச் சுமையால் வரும் தொய்வைக் கணக்கிட்டால் அந்த 52 கிலோ உத்தரம் 28.5 மில்லிமீட்டர் தொய்கிறது. நீளத்தில் 360-இல் ஒரு பங்கு என்ற வழக்கமான வரம்பு 25 மில்லிமீட்டர்தான். இரண்டு எஃகுக்கும் மீட்சிக் குணகம் (பொருளின் விறைப்பைக் காட்டும் எண்) ஒன்றே என்பதால், வலிமை கூடிய எஃகு தொய்வைக் குறைக்கத் துளியும் உதவாது. வரம்புக்குள் வர 60 கிலோ உத்தரத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. 15 கிலோ மிச்சம் 7 கிலோவாகிறது. தொய்வு தீர்மானிக்கும் இடத்தில் எஃகின் தரத்தைவிட ஆழமே பயன் தரும், கீழே ஃபோர்க்லிஃப்ட் போக உயரம் மிச்சமிருக்கும் வரையில்.

கூரை உத்தரங்களின் கதை வேறு. இங்கே பனிச்சுமை கிடையாது, உலோகத் தகட்டுக் கூரையோ இலேசானது, அதனால் எம்.எஸ். 1553 என்ற மலேசியக் காற்றுச்சுமைத் தரப்படி கணக்கிடும் காற்றின் மேல்நோக்கிய உறிஞ்சல் கூரையின் சொந்த எடையை மிஞ்சிவிடக்கூடும். அப்போது திருப்புத்திறன் திசை மாறி, நடுப்பகுதியில் கீழ் பிளாஞ்ச் அமுக்கத்துக்கு உள்ளாகிறது. பர்லின்கள் (கூரைத் தகடுகளைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள்) பிடித்திருப்பதோ மேல் பிளாஞ்சை. பக்கவாட்டில் முறுகி நெளியும் இந்த ஆபத்தைத் தவிர்க்க மென்பொருள் உத்தரம் முழுவதையும் கனமாக்கும். நீங்கள் கீழ் பிளாஞ்சிலிருந்து பர்லினுக்குச் சில இடங்களில் சாய்வான ஆங்கிள் (L வடிவ எஃகு) தாங்கல்களைக் கொடுத்து, அவற்றைக் கணக்கிலும் சேர்த்துவிட்டால், சிறிய அளவே போதுமானதாகலாம். ஹாஞ்சை (உத்தரம் தூணோடு சேரும் இடத்தில் ஆழம் கூட்டிய பகுதியை) ஒட்டிய பகுதியில், சாதாரணச் சுமையிலேயே கீழ் பிளாஞ்ச் அமுக்கத்தில் இருப்பதால், அங்கே இத்தகைய தாங்கல் எப்படியும் தேவைப்படும்.

இனி பட்டறைக்காரரின் விலைக்கு வருவோம். அவருடைய செலவு எடையால் மட்டும் ஆனதல்ல. வெட்டுதல், துளையிடுதல், வெல்டிங், தூக்கி நிறுத்துதல் எல்லாம் அதில் அடங்கும். 17 அளவுகள் என்றால் இணைப்பு விவரங்களும் அத்தனைக்கத்தனை பெருகும், ஒவ்வோர் அளவிலும் வெட்டுத்துண்டு வீணாகும். மெலிந்த தூணைத் தேர்ந்துவிட்டு இணைப்பில் விறைப்புத் தகடுகளை வெல்டிங் செய்வதைவிட, ஒரு படி கனமான தூணைப் போட்டுத் தகடே இல்லாமல் விடுவது பெரும்பாலும் மலிவு. என் கருத்தில், இவ்வளவு சிறிய கட்டடத்துக்கு ஐந்தாறு அளவுகளுக்கு மேல் தேவையில்லை. உறுப்புகளை நீளத்தையும் வேலையையும் வைத்துக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் மிக மோசமான உறுப்பின் பயன்பாட்டு விகிதம் 0.85-க்கும் 0.95-க்கும் இடையில் வந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். பட்டியலை இறுதி செய்யும் முன், எந்த அளவுகள் கையிருப்பில் உள்ளன என்று எஃகு விற்பனையாளரிடம் கேட்டுவிடுவது நல்லது.

அளவுகள் முடிவானதும், தூண்களின் அடியில் வரும் விசைகளை மறுபடி எடுங்கள். உறுப்புகளின் விறைப்பு மாறினால் கிடைமட்டத் தள்ளுவிசையும் மாறும். பிறை போன்ற மென்களிமண் நிலத்தில் பைலிங் (அடித்தளத் தூண் இறக்கும்) வரைபடம் பழைய விசைகளோடு உள்ளூராட்சி மன்றத்துக்குப் போய்விட்டால், எஃகில் மிச்சம் பிடித்ததைவிடத் திருத்தத்துக்கே அதிகம் செலவாகும்.