குர்னிக் சாப்ஷே: நிலக்கரி ஊரின் கால்பந்து கிளப் பற்றிக் கேட்டவையும் பதில்களும்

கேள்வி: போலந்துக் கால்பந்து என்றால் எனக்கு லெவண்டோவ்ஸ்கி ஒருவரைத்தான் தெரியும். பெரிய கிளப் என்றால் தலைநகரின் லெகியா வார்சாதானே? நீங்கள் ஏன் குர்னிக்கைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள்?

பதில்: 2025 வரையிலான கணக்குப்படி லெகியாவுக்கு 15 லீக் பட்டங்கள், குர்னிக்குக்கு 14. ஒன்றுதான் குறைவு. ஆனால் அந்த 14 வந்த விதத்தைப் பாருங்கள். 1957 முதல் 1967 வரை எட்டுப் பட்டங்கள், அவற்றில் 1963 முதல் 1967 வரை தொடர்ந்து ஐந்து. 1968 முதல் 1972 வரை போலந்துக் கோப்பையும் ஐந்து முறை தொடர்ச்சியாக அவர்களிடமே. 1971, 1972இல் இரண்டு லீக் பட்டங்கள், 1985 முதல் 1988 வரை மறுபடி நான்கு. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. எனக்கு இந்த கிளப்பின் மீது பிடிப்பு ஏற்பட்டதற்கு அந்த ஏற்றமும் இந்த வறட்சியும் சம காரணம்.

கேள்வி: சாப்ஷே சிறிய ஊர் என்கிறார்கள். அவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது?

பதில்: மண்ணுக்கு அடியிலிருந்து. சாப்ஷே இருக்கும் மேல் சிலேசியா போலந்தின் நிலக்கரிப் பகுதி. 'குர்னிக்' என்றாலே சுரங்கத் தொழிலாளி. 1945 வரை ஜெர்மனியிடம் இருந்த இந்த ஊர் போருக்குப் பின் போலந்தின் கைக்கு வந்தது. 1948 டிசம்பரில் உள்ளூர் கிளப்புகள் சிலவற்றை இணைத்து குர்னிக்கைத் தொடங்கினார்கள். கம்யூனிச ஆட்சியில் ஒவ்வொரு பெரிய கிளப்புக்கும் ஒரு புரவலர் உண்டு. லெகியாவுக்கு ராணுவம், குர்னிக்குக்குச் சுரங்கத் துறை. ஆட்டக்காரர்களின் பெயர் சுரங்கச் சம்பளப் பட்டியலில் இருக்கும், கால் மட்டும் மைதானத்தில் இருக்கும். நாட்டின் மின்சாரமும் ஏற்றுமதி வருமானமும் நிலக்கரியை நம்பியிருந்த வரை கிளப்புக்குக் குறைவில்லை. 1989இல் ஆட்சி மாறியதும் அந்த ஆதரவு கரையத் தொடங்கியது. 2009இலும் 2016இலும் இரண்டாம் பிரிவுக்கே இறங்கினார்கள்; இரண்டு முறையும் அடுத்த ஆண்டே மேலே ஏறிவிட்டார்கள்.

கேள்வி: ஐரோப்பியப் போட்டி ஒன்றில் டாஸ் போட்டு வென்றார்களாமே? கட்டுக்கதையா, ஐயா?

பதில்: கட்டுக்கதை அல்ல. 1970, அந்தந்த நாட்டுக் கோப்பையை வென்ற ஐரோப்பிய கிளப்புகள் மோதும் 'கோப்பை வென்றோர் கோப்பை'யின் அரையிறுதி. எதிரணி இத்தாலியின் ரோமா. ரோமில் 1-1. ஹோஷூஃப் நகரின் பெரிய மைதானத்தில் 2-2. கூடுதல் நேரத்துக்குப் பிறகும் தீராததால் மூன்றாவது ஆட்டம் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரில். அங்கும் 120 நிமிடம் ஆடி 1-1. அப்போது பெனால்டி முறை வந்திருக்கவில்லை. இரு கேப்டன்களையும் நடுவர் அழைத்து டாஸ் போட்டார். குர்னிக் கேப்டன் ஸ்தானிஸ்வாவ் ஒஷ்லிஸ்வோவின் பக்கம் விழுந்தது. அவர் கைகளை உயர்த்தித் துள்ளியதைப் பார்த்துத்தான் மற்ற ஆட்டக்காரர்களுக்கே முடிவு தெரிந்தது. 330 நிமிட உழைப்பை ஒரு நொடியில் தீர்த்த அந்த விதியை நான் இன்றும் ஏற்க மாட்டேன், என் கிளப்புக்கே சாதகமாக விழுந்திருந்தாலும். அதே ஆண்டில் பெனால்டி முறை விதிப்புத்தகத்தில் ஏறியது.

ஒரு வாரம் கழித்து வியன்னாவில் இறுதி ஆட்டம். கொட்டும் மழை, அவ்வளவு பெரிய மைதானத்தில் பத்தாயிரம் பேர்கூட இல்லை. மான்செஸ்டர் சிட்டி 2-1 என வென்றது. குர்னிக்கின் ஒரே கோலை அடித்தவரும் அதே ஒஷ்லிஸ்வோதான், தற்காப்பு வீரர்! ஐரோப்பியக் கோப்பை ஒன்றின் இறுதிவரை சென்ற முதல் போலந்து கிளப் இதுதான்.

கேள்வி: குர்னிக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் யார்? எர்னஸ்ட் போலா, லுபான்ஸ்கியா?

பதில்: குர்னிக்கின் மைதானத்துக்கே எர்னஸ்ட் போல் என்றுதான் பெயர். போலந்து முதல் பிரிவில் 186 கோல் அடித்த அவருடைய சாதனையை எவரும் எட்டவில்லை. ஆனாலும் என் ஓட்டு வ்வோட்ஜிமியேஷ் லுபான்ஸ்கிக்கே. 16 வயதில் நாட்டு அணிக்கு ஆடி, முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தவர். நாட்டுக்காக 48 கோல். அதை லெவண்டோவ்ஸ்கி தாண்டியது 2017இல்தான்.

1973 ஜூனில் ஹோஷூஃபில் இங்கிலாந்துக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். இங்கிலாந்தின் பாபி மூர் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு சற்றுத் தயங்கினார். லுபான்ஸ்கி பறித்தார், ஓடினார், அடித்தார்: 2-0. அதே ஆட்டத்தில் சிறிது நேரத்தில் முழங்கால் போயிற்று. மறு ஆண்டு உலகக் கோப்பையில் போலந்து மூன்றாம் இடம் பிடித்தபோது அவர் ஆட முடியவில்லை.

கேள்வி: எண்பதுகளின் அணி அறுபதுகளின் அணிக்கு ஈடாகுமா?

பதில்: உள்நாட்டில் ஈடாகும், ஐரோப்பாவில் ஆகாது. பழைய அணியின் கோல்கீப்பர் ஹூபெர்ட் கொஸ்ட்கா பயிற்சியாளராகத் திரும்பி 1985, 1986 பட்டங்களை வாங்கித் தந்தார். அந்த அணியின் யான் உர்பான் பின்னர் ஸ்பெயினின் ஒசாசுனாவுக்குப் போய், 1990இல் ரியல் மாட்ரிட்டை அதன் சொந்த மைதானத்திலேயே ஹாட்ரிக் அடித்துத் திணறடித்தார். பின்னாளில் குர்னிக்கின் பயிற்சியாளர். 2025 முதல் போலந்து நாட்டு அணிக்கே பயிற்சியாளர்.

கேள்வி: அண்ணா, ஐ.எஸ்.எல்.லில் கோவாவுக்கு ஆடிய இகோர் அங்குலோ இந்த கிளப்பிலிருந்து வந்தவரா?

பதில்: அவரேதான், தம்பி. பில்பாவோக்காரர். குர்னிக் இரண்டாம் பிரிவில் கிடந்த 2016இல் வந்து சேர்ந்து, அணியை மேலே ஏற்றி, 2018-19இல் 24 கோலுடன் போலந்து லீக்கின் அதிக கோல் அடித்தவர் ஆனார். 2020-21இல் கோவாவுக்காக 14 கோல் அடித்துத் தங்கக் காலணியும் வாங்கினார். நம் ஊர் ரசிகர்கள் குர்னிக் ஆட்டக்காரர் ஒருவரை ஏற்கெனவே ஒரு சீசன் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள், கவனிக்காமலே.

கேள்வி: ஜெர்மனி நாட்டு அணிக்கு ஆடிய பொடோல்ஸ்கி விளம்பரத்துக்காக வாங்கப்பட்டவர்தானே?

பதில்: இல்லை. லூகாஸ் பொடோல்ஸ்கி பிறந்தது பக்கத்து ஊரான கிளிவிட்சேயில். லுபான்ஸ்கிக்கும் அதே ஊர். குழந்தையாக ஜெர்மனிக்குப் போனவர், அந்நாட்டு அணியுடன் உலகக் கோப்பையை வென்ற பிறகும், ஒருநாள் குர்னிக்குக்கு ஆடுவேன் என்று சொல்லிவந்தார். 2021இல் சொன்னபடி வந்துவிட்டார்.

கேள்வி: இப்போதைய அணியில் யாரைக் கவனிக்க வேண்டும்?

பதில்: 2025-26 சீசனை ஸ்லோவாக்கியப் பயிற்சியாளர் மிகல் காஷ்பாரிக்கின் கீழ் தொடங்கினார்கள். இடது தற்காப்பில் ஸ்லோவேனியாவின் எரிக் யான்ஷா, 2019 முதல் இருப்பவர். நடுக்களத்தில் செக் நாட்டின் பாட்ரிக் ஹெல்லெபிராண்ட். ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் கையில். இளையவர்களை வளர்த்து விற்பது கிளப்பின் பிழைப்பு. முன்கள வீரர் மிலிக் அப்படித்தான் ஜெர்மனியின் லெவர்கூசன் கிளப்புக்குப் போனார். 2025இல் இன்னும் 18 வயது ஆகாத சராபாடா டென்மார்க்கின் கோபன்ஹேகன் கிளப்புக்குப் போனார். எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஆனால் கணக்குப் புத்தகம் வேறு வழி விடுவதில்லை.

கேள்வி: பரம எதிரி லெகியாவா?

பதில்: லெகியாவைப் பிடிக்காது, அவ்வளவே. பரம எதிரி ஹோஷூஃப் நகரின் ரூஹ் கிளப். அருகருகான ஊர்கள், ஒரே நிலக்கரிப் படுகை, இரு தரப்புக்கும் 14 பட்டங்கள். குர்னிக்கின் கடைசிப் பட்டம் 1988, ரூஹ் கடைசியாக வென்றது 1989. யார் முதலில் 15 என்பதுதான் அங்கே டீக்கடைப் பேச்சு.