ஒரு தனிமத்தின் அணு நிறமாலையை எவ்வாறு அளந்து அறிகிறார்கள்?

சூடேறிய ஒரு தனிமத்தின் அணுக்கள் வெளிவிடும் ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்தால் கிடைக்கும் கோடுகளின் வரிசையே அதன் அணு நிறமாலை. அடுப்புச் சுடரில் உப்புநீர் தெறித்ததும் எழும் மஞ்சள் சோடியத்தினுடையது. பிரித்துப் பார்த்தால் 589.0, 589.6 நானோமீட்டரில் இரண்டு கோடுகள் ஒட்டி நிற்கும்.

வண்டியூர்த் தெப்பக்குளத்தில் இறங்குபவர் ஏதாவது ஒரு படியில் நிற்கலாமே தவிர, இரண்டு படிகளுக்கு நடுவே நிற்க முடியாது. அணுவுக்குள் எலக்ட்ரானும் அப்படிக் குறிப்பிட்ட ஆற்றல் நிலைகளில் மட்டுமே இருக்கும், மேல்நிலையிலிருந்து கீழே வரும்போது அந்த வேறுபாட்டை ஒளியாக வெளிவிடும். இந்த இடைவெளிகள் தனிமத்துக்குத் தனிமம் மாறுவதால் கோடுகளும் மாறுகின்றன.

அளப்பதற்கு, ஒளியை மெல்லிய பிளவின் வழியே செலுத்தி, நுண்கோடுகள் கீறிய கீற்றணியால் விரித்து, அலைநீளம் முன்பே தெரிந்த பாதரச விளக்கின் கோடுகளோடு ஒப்பிடுகிறார்கள். கோட்டின் இடம் இம்மியளவு நகர்ந்தாலும் அதற்குப் பொருள் உண்டு, ஒளிதரும் வாயு நம்மை நோக்கி வந்தாலோ விலகிச் சென்றாலோ கோடு நகரும்: மதுரையிலிருந்து மலையேறினால் வரும் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், 1909இல் வானியலாளர் ஜான் எவர்ஷெட் அத்தகைய நகர்வைக் கொண்டே சூரியப்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார்.

சுடரின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே தனிமத்தைச் சொல்லிவிடலாம் என்று பலர் எண்ணுவது சரியன்று. லித்தியம், ஸ்ட்ரான்சியம் இரண்டின் சுடரும் சிவப்பாகவே தோன்றும், கோடுகளை அளந்தால்தான் எது எது என்று உறுதியாகத் தெரியும்.