தாடி திருத்தம்: கேட்டதும் சொன்னதும்

வீட்டிலேயே தாடி திருத்துவது பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. நான் தொழில்முறை முடிதிருத்துநர் இல்லை. பன்னிரண்டு வருடமாகத் தாடி வைத்திருப்பவன். அதில் முதல் மூன்று வருடம் மாதம் தவறாமல் அதைக் கெடுத்து, கெடுத்தே கற்றுக்கொண்டவன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

வட்டமுகன்: அண்ணா, எனக்கு உருண்டை முகம். தாடி வைத்தால் இன்னும் குண்டாகத் தெரிகிறது. எந்த மாதிரி வைக்கலாம்?

பதில்: தம்பி, கணக்கு ரொம்பச் சுலபம். முடி எந்தப் பக்கம் அடர்ந்து நிற்கிறதோ, அந்தப் பக்கம் முகம் வளர்ந்த மாதிரி தெரியும். உங்களுக்குக் கன்னத்துப் பக்கம் புசுபுசுவென்று நிற்கிறது, அதனால் முகம் அகலமாகிறது. கன்னத்தை 3 அல்லது 4 மி.மீ.க்குக் குறைத்துவிட்டு, மோவாயில் மட்டும் 9, 10 மி.மீ. விட்டுப் பாருங்கள். முகம் கீழ்நோக்கி நீளும். தாடை ஓரமாகக் கோடு இழுத்ததுபோல மெல்லிய தாடி வைக்கும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். உருண்டைக்குச் சுற்றிலும் மை தடவிக் காட்டுவது போலாகிவிடும்.

நீள முகக்காரர்கள் இதை அப்படியே திருப்பிப் போட வேண்டும்: பக்கங்களில் விட்டு, மோவாயில் குறைக்க வேண்டும். சதுரத் தாடை உள்ளவர்கள் மூலைகளைக் கொஞ்சம் உருட்டிவிட்டால் போதும். மோவாய் ஒடுங்கியவர்கள் மோவாயின் இரு ஓரங்களிலும் முடியை அடர்த்தியாக விடலாம், நுனியைக் கூராக்கக் கூடாது.

முகத்தை ஏழு வகை, ஒன்பது வகை என்று பிரித்துக் காட்டும் படங்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பெரும்பாலான முகங்கள் இரண்டு மூன்று வகையின் கலப்படம். தலைமுடியைப் பின்னால் தள்ளிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்து, முகம் நீளமாகத் தெரிய வேண்டுமா, அகலமாகத் தெரிய வேண்டுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கழுத்துக்கோடு (இதே கேள்வியைப் பதினோரு பேர் கேட்டிருக்கிறார்கள்): தாடி கழுத்தில் எங்கே முடிய வேண்டும்?

பதில்: வீட்டில் திருத்திய தாடி பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான். தாடை எலும்பின் மேலேயே கோடு போட்டுவிடுகிறார்கள். நிமிர்ந்து நிற்கும்போது பரவாயில்லாமல் இருக்கும். தலையைக் குனிந்தாலோ, சிரித்தாலோ கோட்டுக்குக் கீழே இருக்கும் வெறும் சதை பிதுங்கி, இல்லாத இரட்டைத் தாடையை இருப்பதாகக் காட்டும். தாடியின் நிழல் தாடைக்கு அடியில் கொஞ்சம் இறங்கினால்தான் தாடையே எடுப்பாகத் தெரியும்.

எச்சில் விழுங்கினால் ஏறி இறங்குமே, அந்தத் தொண்டை மேட்டுக்கு மேலே இரண்டு விரலைப் படுக்கவாட்டில் வையுங்கள். மேல்விரலின் மேல் ஓரம்தான் உங்கள் கோட்டின் அடிப்புள்ளி. அங்கே டிரிம்மரால் சின்னதாக ஓர் அடையாளம் போடுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து இரண்டு காதுகளின் பின்பக்கம் வரை, தொங்கவிட்ட கயிறு போல ஒரு வளைவு. நடுவிலிருந்து வலப்பக்கம், மறுபடி நடுவிலிருந்து இடப்பக்கம் என்று போங்கள். ஒரு காதில் தொடங்கி மறு காதில் முடித்தால் கோணல்தான்.

முக்கியமான ஒன்று. அடையாளம் போடும்போது தலை நேராக இருக்க வேண்டும். அண்ணாந்தால் கழுத்துத் தோல் இழுபட்டு இடம் மாறிவிடும். கோட்டைக் குறித்த பிறகு, கீழே மழிப்பதற்காக அண்ணாந்துகொள்ளலாம்.

கன்னக் கோட்டைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. இயற்கையாக எங்கே இருக்கிறதோ அங்கேயே விட்டு, மேலே சிதறியிருக்கும் நாலைந்து முடியை மட்டும் எடுங்கள்.

புது டிரிம்மர்: 1, 2, 3 என்று எண் போட்ட சீப்புகள் வந்திருக்கின்றன. எதில் தொடங்குவது? குளித்துவிட்டு ஈரத்தோடு செய்யலாமா?

பதில்: ஈரத்தோடு வேண்டாம். நனைந்த முடி நீண்டு, படிந்து நிற்கும். நீளம் அதிகம் என்று நம்பி வெட்டுவீர்கள், காய்ந்ததும் குட்டையாகச் சுருங்கிவிடும். கழுவி, துடைத்து, நன்றாகக் காயவிட்டு, சீவிய பிறகுதான் கருவியைத் தொட வேண்டும்.

பல கருவிகளில் 1 என்றால் 3 மி.மீ., 2 என்றால் 6 மி.மீ. சில கருவிகளில் நேரடியாக மி.மீ. கணக்கே இருக்கும், உங்கள் பெட்டியோடு வந்த தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் நினைத்திருப்பதைவிட இரண்டு படி பெரிய சீப்பை மாட்டித் தொடங்குங்கள். ஒன்றுமே வெட்டவில்லையே என்று தோன்றும். தோன்றட்டும். அப்புறம் ஒவ்வொரு படியாக இறங்குங்கள். இன்னொன்று: முடி வளரும் திசையில் ஓட்டினால் கொஞ்சம் நீளமாக நிற்கும், எதிர்த் திசையில் ஓட்டினால் அதே சீப்பு இன்னும் ஒட்ட வெட்டும். முதல் சுற்று எப்போதும் வளரும் திசையிலேயே இருக்கட்டும்.

கிருதா தலைமுடியோடு கலக்கும் இடத்தில் 3 மி.மீ., கன்னத்தில் 6 மி.மீ., மோவாயில் 9 மி.மீ. என்று மூன்று அளவாகப் பிரித்து, இரண்டு அளவுகள் சேரும் இடத்தில் நடு அளவை மாட்டி லேசாக ஒருமுறை ஓட்டினால் படிக்கட்டு தெரியாது. வேலை முடிந்ததும் பிளேடைத் துலக்கி ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். முடியைப் பிடித்து இழுக்கிறது என்று புலம்புகிறவர்களிடம் கேட்டால், ஒன்று எண்ணெய் விட்டிருக்க மாட்டார்கள், இல்லையென்றால் சார்ஜ் குறைந்திருக்கும்.

கோணல்மாணல்: இரண்டு பக்கமும் சமமாக வரவே மாட்டேன் என்கிறது. சரிசெய்யப் போய்ப் போய்க் கடைசியில் மழித்தே விடுகிறேன்.

பதில்: அப்பம் பிரித்த குரங்கின் கதைதான். இந்தத் தட்டு தாழ்ந்தது என்று ஒரு கடி, அந்தத் தட்டு தாழ்ந்தது என்று ஒரு கடி, கடைசியில் பூனைகளுக்கு ஒன்றுமில்லை. முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ளுங்கள்: உங்கள் முகமே சமமில்லை. யார் முகமும் சமமில்லை. ஒரு பக்கத் தாடை சற்று ஏறியிருக்கும், ஒரு கன்னத்தில் முடி கொஞ்சம் கீழே தொடங்கும்.

நான் செய்வது இதுதான். இரண்டு பக்கமும் ஒருமுறை முடித்ததும் டிரிம்மரை அணைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன். பத்து நிமிடம் கழித்து இரண்டடி தள்ளி நின்று பார்ப்பேன். மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்த குறைகளில் பாதி அப்போது காணாமல் போயிருக்கும். மீதி இருந்தால், நீளமாக இருக்கும் பக்கத்தை மட்டும் தொடுவேன். குட்டையாகிவிட்ட பக்கத்தை அன்றைக்கு மறுபடி தொடுவதே கிடையாது.

பத்தொன்பது: கன்னத்தில் திட்டுத் திட்டாக இருக்கிறது. அடிக்கடி மழித்தால் அடர்த்தியாக வளரும் என்கிறார்களே?

பதில்: வளராது. மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் இதை ஆராய்ந்து 1928-லேயே மறுத்துவிட்டார். இயற்கையாக வளரும் முடியின் நுனி மெலிந்து கூராக இருக்கும். மழித்தால் நுனி மொட்டையாகிவிடும், தடவும்போது சொரசொரவென்று தடித்ததுபோல் இருக்கும். நம்பிக்கை அதனால் வந்ததுதான்.

பத்தொன்பது வயதில் தீர்ப்பு எழுத வேண்டாம் தம்பி. பலருக்கு இருபதுகளின் கடைசி வரை தாடி நிரம்பிக்கொண்டே இருக்கும். இப்போதைக்கு இரண்டு வழி உண்டு. நாலு முதல் ஆறு வாரம் தொடாமல் விட்டுப் பாருங்கள், சுற்றியுள்ள முடி நீண்டு திட்டை மூடினாலும் மூடும். மூடவில்லையென்றால் 2, 3 மி.மீ.யில் முள்தாடியாகவே வைத்துக்கொள்ளுங்கள், அந்த நீளத்தில் திட்டு அவ்வளவாகத் தெரியாது. முடி வளர்க்கும் எண்ணெய் என்று விற்பவை முடியை மிருதுவாக்கும், இல்லாத வேரை உண்டாக்காது. மினாக்ஸிடில் தலைமுடி வளரத் தலையில் தடவும் மருந்து, மருத்துவரைக் கேட்காமல் முகத்தில் தடவாதீர்கள். வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் எச்சரிக்கை: அது பூனைக்கு விஷம்.

நன்றாக இருந்த தாடியில் திடீரென்று காசு அளவுக்கு வட்டமாகச் சொட்டை விழுந்தால் அது வேறு கதை. புழுவெட்டாக இருக்கலாம், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இல்லத்தரசி: என் கணவருக்கு நான்தான் தாடி திருத்திவிடுகிறேன். கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் முடி பக்கவாட்டில் சுழன்று நிற்கிறது, எப்படி ஓட்டினாலும் மிஞ்சிவிடுகிறது.

பதில்: தலையில் சுழி இருப்பது போலத் தாடியிலும் சுழி உண்டு அக்கா, பெரும்பாலும் கழுத்தில்தான். நாலு நாள் வளர்ந்த முடியை விரலால் எல்லாத் திசையிலும் தடவிப் பாருங்கள். எந்தத் திசையில் வழுக்குகிறதோ அது வளரும் திசை, எதில் உறுத்துகிறதோ அது எதிர்த்திசை. சுழி இருக்கும் இடத்தில் மட்டும் கருவியின் கோணத்தை மாற்றி இரண்டு மூன்று பக்கமிருந்து ஓட்டினால் மிஞ்சாது. உங்கள் கணவர் கொடுத்துவைத்தவர், தன் கழுத்தைத் தானே நேராகப் பார்க்க எங்களால் முடியாது.

மீசைக்காரன்: மீசை வாய்க்குள் போகிறது. டிரிம்மரால் எடுத்தால் பல்லுப் பல்லாகத் தெரிகிறது.

பதில்: மீசைக்குக் கத்தரிக்கோல்தான். சின்ன, கூரான, முடிக்கென்றே உள்ள கத்தரி. வாயைத் தளர்வாக மூடி, மீசையை நேர் கீழே சீவி, உதட்டோரத்தை ஒட்டி நடுவிலிருந்து வெளியே வெட்டுங்கள். சிரித்துக்கொண்டே வெட்டாதீர்கள். சிரித்தால் உதடு மேலேறி மெலியும், இயல்புக்குத் திரும்பியதும் மீசை அரை விரல் மேலே நிற்கும். எனக்கு நடந்தது, இரண்டு வாரம் யாரையும் நேராகப் பார்த்துப் பேசவில்லை.

அரிப்பு: மூன்றாவது வாரம் தாங்க முடியவில்லை. வெள்ளையாகவும் உதிர்கிறது.

பதில்: வெறும் அரிப்பு என்றால், மழித்த முடியின் நுனி குத்துவதுதான் காரணம். இன்னும் ஓரிரு வாரத்தில் அடங்கும். உதிர்வது பொடுகாக இருக்கும். தோலில் எப்போதும் வாழும் மலசீசியா என்ற பூஞ்சைக்கு முக எண்ணெய் பிடிக்கும். கீட்டோகொனசோல் கலந்த பொடுகு ஷாம்பூவைத் தாடிக்கு அடியில் தோல்வரை தேய்த்து, சில நிமிடம் விட்டு, வாரம் இரண்டு முறை கழுவிப் பாருங்கள். மூக்கோரமும் புருவமும் சேர்ந்து சிவந்தால் மருத்துவரிடம் போவது நல்லது.

சிவப்புப் புள்ளி: கோட்டுக்குக் கீழே மழித்த இடமெல்லாம் பருப்பருவாக வருகிறது.

பதில்: ஒட்ட வெட்டிய முடி வளைந்து தோலுக்குள்ளேயே திரும்பிப் போகிறது. சுருட்டை முடிக்காரர்களுக்கு இது அதிகம். எதிர்ச் சவரம் செய்வதையும், தோலை இழுத்துப் பிடித்து மழிப்பதையும் நிறுத்துங்கள். கொஞ்ச நாளைக்கு ரேஸரே வேண்டாம், சீப்பு மாட்டாத டிரிம்மரால் அரை, ஒரு மி.மீ. விட்டு எடுங்கள். புள்ளியைக் கிள்ளிப் பிதுக்கினால் தழும்பாகும்.

தூசி வேலை: என்95 முகக்கவசம் போட்டே ஆக வேண்டிய வேலை எனக்கு. தாடி வைக்கலாமா?

பதில்: முழுத் தாடி கூடாது. கவசத்தின் ஓரம் தோலோடு ஒட்டினால்தான் அது வேலை செய்யும், அந்த இடத்தில் முள்முடி இருந்தால்கூடக் காற்று கசியும். கவசத்துக்குள் முழுவதும் அடங்கும் மீசையோ சின்னக் குறுந்தாடியோ வைத்துக்கொள்ளலாம்.

நரை: தாடிக்கு மட்டும் சாயம் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் பல சாயங்களில் இருக்கும் பி.பி.டி. என்ற நிறமேற்றும் வேதிப்பொருள் சிலருக்கு முகமே வீங்கும் அளவுக்கு ஒவ்வாமை தரும். ஒவ்வொரு முறையும் காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டுப் போடுங்கள். என்னைக் கேட்டால் நரையை அப்படியே விட்டுவிடுவேன்.

அவசரம்: சீப்பு மாட்ட மறந்து ஒரு கன்னத்தில் ஓட்டிவிட்டேன். நாளை மறுநாள் நேர்முகத் தேர்வு. உடனே சொல்லுங்கள்!

பதில்: முதலில் டிரிம்மரைக் கீழே வையுங்கள். ஓட்டிய இடம் எவ்வளவு? விரல்நகம் அளவுதான், அதுவும் கன்னத்தின் மேல் ஓரத்தில் என்றால், இரண்டு பக்கமும் கன்னக் கோட்டை அந்த அளவுக்கு இறக்கிவிடுங்கள், யாருக்கும் தெரியாது. நடுக்கன்னம் என்றால் பக்கங்களை முழுவதும் எடுத்துவிட்டு, மீசையும் மோவாயும் சேர்ந்த பிரெஞ்ச் தாடியாக மாற்றிக்கொள்ளலாம். மோவாயிலேயே பள்ளம் விழுந்திருந்தால் எல்லாவற்றையும் ஒரே சீராக 1 மி.மீ.க்கு இறக்குவதுதான் வழி. முகத்து முடி நாளுக்கு ஏறக்குறைய 0.3 முதல் 0.5 மி.மீ. வளரும். தேர்வு நாளுக்குள் பழைய தாடி திரும்பாது, ஆனால் பத்து நாளில் 3 மி.மீ. கையில் இருக்கும்.